‘எடுக்கவில்லை’ என்று ஏழு முறை

கோவையில் நிரல் எழுதுகிற நீங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிறீர்களாம். இந்த மாதம் புதிதாக வந்திருப்பவர்களுக்காக என்னிடம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளையும் நீங்களே அனுப்பிவிட்டீர்கள். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து எப்படி வேலை பார்த்தீர்கள், என்ன புத்தகம் படித்தீர்கள், என்ன படம் பார்த்தீர்கள், எந்த டெக்ஸ்ட் எடிட்டர் பயன்படுத்தினீர்கள். கடைசியில் ‘ஜாலியா ரெண்டு பக்கம் போதுங்க்கா’ என்று ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

நாலு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஜாலியாக இருக்காது. பிடிக்கவில்லை என்றால் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

முதலில் எடிட்டர். முப்பது வருடத்துக்கு மேல் நிரலை ஒரே எடிட்டரில் தட்டியும் திருத்தியும் வேலை பார்த்தவள் நான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மௌஸ் தேவையில்லை. கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். அலுவலகத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகள் என் பின்னால் வந்து நின்று, ‘மேடம் இன்னும் டைனோசர் ஓட்டறாங்கடா’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய வண்ண வண்ண எடிட்டர் திறந்து முடிப்பதற்குள் நான் திருத்தத்தை முடித்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்திருப்பேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இந்தக் கதையில் வரும் தப்புக்கு அந்தத் திமிரும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி வீடு. ஆர்.எஸ்.புரத்தில் மாடியில் இரண்டு அறை. நான் தனி ஆள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. ஊரடங்கில் எல்லோரையும் போல நானும் பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினேன். காய்க்காரர் கூடையைக் கயிற்றில் கட்டி இழுத்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று ஜன்னலோரம் நின்று கேட்டேன். பயமாகத்தான் இருந்தது.

வாரம் ஒருமுறை கம்பெனியில் வீடியோவில் கூடுவோம். ஊரடங்கில் என்ன புதிதாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் கிதார் கற்றாராம். ஒருவர் ஐம்பது புத்தகம் முடித்தாராம், அத்தனையும் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்பது பற்றி. என் முறை வந்தது. ‘நான் ஒண்ணும் கத்துக்கலைங்க. பயமா இருக்கு. அதனால கொலைக் கதை படிக்கிறேன்’ என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள்.

பொய் இல்லை. நான் போகும் வாடகை நூலகம் அடைத்த அன்று என் கையில் மூன்று துப்பறியும் நாவல்கள் மாட்டியிருந்தன. மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கொலை செய்தது யார் என்று தெரிந்த பிறகும் படித்தேன். கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று அப்போது வேண்டியிருந்தது. படமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரு கிண்ணம் வறுத்த கடலையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் முடியும்வரை எழ மாட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். நடுவில் எழுந்தால் அது படம் பார்த்ததே இல்லை என்பது என் கட்சி. இதையும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் அலை வந்தபோது எங்கள் கம்பெனி ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலை செய்துகொண்டிருந்தது. படுக்கை இல்லை. அதனால் நிலைமை மோசமாக இல்லாதவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லி, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் பகலில் மணிக்கு ஒருமுறை போனில் ஒரு லிங்க்கைத் தொட்டு, கருவி காட்டும் எண்ணைப் போட வேண்டும். எண் எல்லைக்குக் கீழே போனால் மருத்துவமனையில் ஒரு நர்ஸின் திரையில் அந்த நோயாளியின் பெயர் சிவப்பாக வரும். உடனே அவர் போனில் கூப்பிட்டுப் பேசுவார். தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ்.

இதை ஐந்தே நாளில் கட்டினேன். அவசரத்தில் கட்டியது அவசரத்தில் கட்டியது போலத்தான் இருக்கும். நோயாளிகள் அத்தனை பேரும் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தார்கள். ஒருவருக்கு ஒரு வரி. பெயர், ஊர், கதவு எண், போன் நம்பர், வரியின் கடைசியில் அவருடைய எல்லை. எல்லோருக்கும் 92. நர்ஸ் கூப்பிட்டு முடித்ததும் இரண்டு பட்டனில் ஒன்றைத் தொட வேண்டும். ‘எடுத்தார்’, ‘எடுக்கவில்லை’. மூன்றாவது ஒன்று தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பகல் ஷிஃப்ட்டில் இருந்த நர்ஸை எல்லோரும் போல நானும் சிஸ்டர் என்றே கூப்பிட்டேன். என் வயதில் பாதி இருக்கும். முதல் வாரமே எனக்கும் அவருக்கும் சண்டை. அவர் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்துக்கொண்டு, நோயாளியோடு பேசுவதையெல்லாம் பேனாவில் எழுதிக்கொண்டிருந்தார். வீடியோவில் பார்த்துவிட்டு எனக்கு எரிச்சல் வந்தது.

‘எல்லாந்தான் சிஸ்டத்துல ஏறுதே, அப்புறம் நோட்டு எதுக்குங்க சிஸ்டர்?’

‘உங்க சிஸ்டத்துல ரெண்டு பட்டன்தானுங்க மேடம் இருக்குது. அவரு ராத்திரி தூங்குனாரா, கூட ஆரு இருக்கறாங்க, குரல் எப்படி இருக்குதுன்னு நான் எங்கீங்க எழுதறது?’

‘அதெல்லாம் எதுக்கு?’

‘தெரியலீங்க. கேட்டுப்போட்டேன், எழுதிப்போட்டேன்.’

சின்னப் பிள்ளை, போகப் போகப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிட்டேன். புரிந்துகொள்ள வேண்டியது யார் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். ‘92ன்னு வச்சா லேட்டாயிருதுங்க மேடம். ஆளு வர்றதுக்குள்ள மூச்சு வாங்க ஆரம்பிச்சுடறாங்க. எல்லாத்துக்கும் 94 பண்ணிடுங்க, முன்னாடியே கூப்பிட்டுடலாம்.’ நல்ல யோசனை. ஐந்து நிமிடத்தில் செய்துவிடுகிறேன் என்றேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஃபைலைத் திறந்தேன். 92 என்று எங்கே இருந்தாலும் 94 ஆக்கு என்று ஒரே கட்டளை. அந்தக் கட்டளையோடு ஒரு எழுத்தைக் கூடுதலாகத் தட்டினால் எடிட்டர் ஒவ்வொரு இடத்திலும் நின்று, ‘இதை மாற்றட்டுமா?’ என்று கேட்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. அத்தனைக்கும் உட்கார்ந்து ‘சரி, சரி’ என்று தட்டிக்கொண்டிருப்பதா? கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை அது என்று நினைத்தேன். தட்டவில்லை. ஒரு நொடியில் மாறியது. திரையின் அடியில் எடிட்டர் தன் வழக்கப்படி சொன்னது, 331 மாற்றங்கள் செய்யப்பட்டன என்று.

வரி முந்நூற்றுப் பன்னிரண்டு. மாற்றம் முந்நூற்று முப்பத்தொன்று. ஒன்றாம் வகுப்புக் கழித்தல். நான் அந்த எண்ணைப் பார்த்தேன். கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. சேமித்து, அனுப்பிவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன்.

கூடுதலாக மாறிய பத்தொன்பது எங்கே என்று இதற்குள் பிடித்திருப்பீர்கள். ஐந்து, கதவு எண்ணில். பதினான்கு, போன் நம்பரில். பத்து இலக்கம் உள்ள நம்பரில் எங்காவது 92 இருந்தால் அதுவும் 94 ஆகிவிட்டது. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குக் கூப்பிட்டால் சரியாகப் போகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பதினான்கு பேரை மட்டும் யாராலும் கூப்பிட முடியாது, அது அவர்களுக்கும் தெரியாது.

அந்தப் பதினான்கில் ஒருவர் தொண்டாமுத்தூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். அறுபத்தைந்து வயது. மனைவி முந்தின வருடம் தவறிவிட்டார். ஒரே மகள், கல்யாணமாகித் திருப்பூரில் இருந்தார். மதியம் ஒரு மணிக்கு அவர் லிங்க்கில் போட்ட எண் 91. சிஸ்டரின் திரையில் சிவப்பு. சிஸ்டர் கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ‘எடுக்கவில்லை’ பட்டனைத் தொட்டார். இரண்டு மணிக்கு 90. மறுபடி கூப்பிட்டார், மறுபடி பட்டன். மூன்று மணிக்கு 88. அதற்குப் பிறகு எண்ணே வரவில்லை. நடுவில் முப்பது, நாற்பது பேரோடு பேசிக்கொண்டே சிஸ்டர் இவரை ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார். அவரைக் கேட்காமலே, பதிவில் இருந்த வீட்டு முகவரிக்கு ஆம்புலன்ஸும் போனது. வீடு பூட்டிக் கிடக்கிறது என்று திரும்பிவிட்டது. போனில் ஆளைப் பிடிக்காமல் இன்னொரு முறை வண்டி கிடையாது என்றும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள்.

ஏழாவது முறை ஒருவர் எடுத்தார். ஈரோட்டுக்காரர். ‘ஏனுங்க, மத்தியானத்துல புடிச்சு புது நம்பரா வருதேன்னு எடுக்காம இருந்தனுங்க. எனக்கு மூச்சு நல்லாத்தானுங்க வருது. நீங்க ஆரைக் கேக்கறீங்க?’

சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். முந்தின நாள் இதே நோயாளியோடு அவரே பேசியிருக்கிறார், குரல் தெளிவாக இருக்கிறது என்று எழுதியும் வைத்திருக்கிறார். நேற்றுப் பேசியவர் இன்று எப்படி ஈரோட்டில் இன்னொருவர் ஆவார்? ‘எடுக்கவில்லை’ பட்டனைத் தொட்டுவிட்டு, ஏனென்றால் தொடுவதற்கு வேறு பட்டன் இல்லை, உடனே என்னைக் கூப்பிட்டார். மணி நாலே கால்.

நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கவிழ்த்து வைத்த போன் மேஜை மேல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், சிஸ்டர் பெயர். நோட்டு விஷயமாக ஏதாவது பேசுவார் என்று நினைத்தேன். மறுபடி கவிழ்த்து வைத்தேன். மூன்று முறை அதிர்ந்தது. படம் முடிந்தது, முகம் கழுவினேன், டீ போட்டேன், பிறகு கூப்பிட்டேன். அப்போது மணி நாலு ஐம்பத்தைந்து. நாற்பது நிமிடம். இத்தனை வருடத்தில் அந்த நாற்பது நிமிடத்துக்கு எந்தச் சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை, நீங்களும் தேடித் தர வேண்டாம்.

‘மேடம், கோவிச்சுக்காதீங்க. தொண்டாமுத்தூர்க்காரரு நம்பரு மாறியிருக்குதுங்க. நேத்து சரியா இருந்துச்சு.’

நம்பர் எப்படி மாறும் என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்தபோதே 331 கண் முன்னால் வந்து நின்றது. மாற்றுவதற்கு முன்னால் இருந்த ஃபைலின் பழைய பிரதியை எடிட்டர் தானாகவே வைத்திருக்கும். அதைத் திறந்து, சரியான நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். சிஸ்டர் இன்னொரு போனில் கூப்பிட்டார்.

அவர் எடுத்தார். பேச்சு வரவில்லை. மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும், என் காதுவரைக்கும் கேட்டது.

‘அய்யா, பேச வேண்டாமுங்க. ஆளு அனுப்பறேன். போனை மட்டும் வச்சுப்போடாதீங்க’ என்றார் சிஸ்டர். பிறகு ஆம்புலன்ஸ் டிரைவரிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘ஊட்டுக்குப் போகாதீங்கண்ணா. தெருவுல ஆருக்கும் ஒட்டிப்போடக் கூடாதுன்னு தோட்டத்து மோட்டார் ரூம்ல போயிப் படுத்திருக்காரு. யானை வந்து கம்பிவேலியை முறிச்சுப்போட்டதாச் சொன்னாரு. முறிஞ்ச வேலிக்குப் பக்கத்துல மண் தடம், அதுலயே உள்ள போங்க.’

மோட்டார் ரூம், யானை, வேலி. என் சிஸ்டத்தில் எதற்கும் கட்டம் கிடையாது. எல்லாம் அந்த நோட்டிலிருந்து படித்தது. எதற்கு எழுதுகிறீர்கள் என்று நான் கேட்ட அதே நோட்டு.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. மற்றப் பதிமூன்று பேரையும் அடுத்த அரை மணி நேரத்தில் சிஸ்டரும் நானும் பங்கு போட்டுக் கூப்பிட்டோம். கடவுள் புண்ணியம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொண்டாமுத்தூர்க்காரர் பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். பதினெட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை எங்கள் டைரக்டர் வீடியோவில் வந்தார். நல்ல மனிதர். நான் சேர்ந்த காலத்திலிருந்து என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மருத்துவமனைக்கு அறிக்கை தர வேண்டும். எனக்கோ ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருந்தது, அதற்குப் பிறகும் ஆலோசகராக இரண்டு வருடம் இருக்கச் சொல்லி ஏற்கனவே பேசியிருந்தார்கள்.

‘நீங்க நம்ம கம்பெனிக்குத் தூணுங்க மேடம். இதுல உங்க பேரு வரவே கூடாதுங்க.’

‘மாத்துனது நான்தானுங்க. பேரு வராம எப்படி?’

‘மாத்துனது எடிட்டருங்க. அந்தக் காலத்து டூல், ஒரு வார்னிங் கூடக் காட்டாம எல்லாத்தையும் மாத்திப்போட்டுதுன்னு எழுதிக்கலாமுங்க. இனிமே அதை ஆரும் தொடக் கூடாதுன்னு சர்க்குலர் போட்டுடறேன். முடிஞ்சுது.’

‘காட்டுச்சுங்க சார். கீழயே காட்டுச்சு, முந்நூத்து முப்பத்தொண்ணுன்னு. கேட்டுட்டு மாத்துன்னு சொல்லியிருந்தா கேட்டிருக்கும். நான் சொல்லலை. பழைய காப்பியையும் அதுதானுங்க வச்சிருந்துச்சு. அது மேல எப்படிங்க பழி போடறது?’

‘வெறும் சாஃப்ட்வேர்தானுங்களே மேடம். அதுக்கென்ன மானமா போகப்போகுது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கடைசி நேரத்துல எதுக்குங்க உங்களுக்கு இந்த வம்பு?’

எங்கள் ஊரில் மிரட்டல்கூட ‘ங்க’ போட்டுத்தான் வரும். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருப்பவர்கள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிடுவீர்கள், ஜாக்கிரதை. நான் தலையாட்டவில்லை. பதிவில் இருக்கும் ஏழு ‘எடுக்கவில்லை’யையும் திருத்த வேண்டும், தவறான எண்ணுக்குக் கூப்பிட்டோம் என்று அடியில் எழுத வேண்டும் என்றேன். அவர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். ‘ஆளு பொழைச்சுக்குவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த ஏழு எண்ட்ரி அங்க இருந்தா ஆருக்குங்க என்ன கெட்டுப்போச்சு?’

அறிக்கை அவர் விருப்பப்படி போனது. எடிட்டர் குற்றவாளி ஆயிற்று, சர்க்குலரும் வந்தது. பக்கத்து சீட்டுப் பிள்ளைகள், ‘டைனோசருக்குத் தடையாமே மேடம்’ என்று அனுதாபமாகக்கூட மெசேஜ் அனுப்பினார்கள். நான் தனியாக ஒரு அறிக்கை எழுதினேன். ஒரே பக்கம். எந்தக் கட்டளை கொடுத்தேன், எதைத் தட்டாமல் விட்டேன், எந்த எண்ணைப் பார்க்காமல் போனேன், படம் பார்த்த நாற்பது நிமிடம், அடியில் என் பெயர். டாக்டருக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் நானே அனுப்பினேன். ஆலோசகர் வேலை அன்றே போயிற்று. போகட்டும். பதிவை மட்டும் ஒருவரும் திருத்தவில்லை. நோயாளியையோ குடும்பத்தையோ நான் தொடர்புகொள்ளக் கூடாது என்று கம்பெனி, மருத்துவமனை இரண்டு பக்கத்திலிருந்தும் எழுத்து மூலமாக உத்தரவு வந்தது. வக்கீல் சொன்னாராம்.

அந்த ஒரு உத்தரவுக்கு மட்டும் பணிந்தேன். எதற்கு வம்பு என்று எனக்கும் ஒரு மூலையில் இருந்தது, மறைப்பானேன். அவர் டிஸ்சார்ஜ் ஆன மறுவாரம் சிஸ்டர் கூப்பிட்டார். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தேன்.

‘மேடம், அவரு பொண்ணு வந்திருந்துச்சுங்க. டிஸ்சார்ஜ் பேப்பரோட கூப்பிட்ட விவரமும் அடிச்சு வந்திருக்குதுங்க. ஏழு தடவை கூப்பிட்டும் எங்கப்பா எடுக்கலைங்களான்னு கேக்குது. அம்மா போனதுல இருந்து, நான் இருந்து என்ன பண்ணப்போறேன்னு சொல்லிட்டே இருந்தாராம். அதனால வேணும்னேதான் எடுக்காம சாகக் கெடந்தாருன்னு முடிவே பண்ணிருச்சுங்க. என்னை விட்டுட்டுப் போகப் பாத்தாருன்னு அழுகுதுங்க மேடம். பேசக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. ஆனா நான் சொல்லிப்போடறேனுங்க.’

‘நீங்க சொல்லாதீங்க. உங்களுக்கு இன்னும் முப்பது வருஷம் வேலை இருக்கு. எனக்கு அஞ்சு மாசம்தான். பெரியவரு நம்பரைக் குடுங்க’ என்றேன். பிறகு சிரிப்பு வந்தது. அந்த நம்பர் எனக்கு மனப்பாடமாக இருந்தது. போனை வைத்துவிட்டு அதே நிமிடம் கூப்பிட்டேன். காலை பத்து மணி, வேலை நேரம், கம்பெனி கொடுத்த போன். ஒளிந்து செய்யப் பிடிக்கவில்லை.

‘ஆருங்க?’ என்றது பெரியவரின் குரல். இன்னும் மூச்சு வாங்கியது.

இன்னார் என்று சொல்லவில்லை, அந்த ஆக்சிஜன் சிஸ்டத்தைக் கட்டியவள் என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ‘அன்னைக்கு உங்களை ஏழு தடவை கூப்பிட்டாங்கய்யா. உங்க நம்பரை நான் தப்பா மாத்திட்டேன். ஏழு தடவையும் வேற ஆளுக்குப் போயிருச்சு.’

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்தார் போலும்.

‘ஏழு தடவையா கூப்பிட்டாங்க?’

‘ஏழு தடவைங்க.’

‘நான் போனை நெஞ்சு மேல வச்சுட்டே கெடந்தனுங்க அம்மணி. நெம்பரு கம்மியாப் போனா கூப்பிடுவோம்னு அந்தச் சிஸ்டரு சொல்லியிருந்துச்சு. ஒருத்தருங் கூப்பிடலையே, நம்மளை மறந்துபோட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. மூச்சு முட்டுனது கூடப் பெருசில்லீங்க. அது நெம்பச் சங்கட்டமாப் போச்சுங்க.’

‘மறக்கலைங்கய்யா. தப்பு என்மேலதான். மன்னிச்சுருங்கன்னு கேக்கறதுக்குக்கூட வாய் வரலை.’

‘அது கெடக்குதுங்க. என்ர பொண்ணு இங்கதான் இருக்கறா. சோறாக்கிப் போடறா, மாத்திரை குடுக்கறா. பேசறதில்லீங்க. போன் அடிக்கவே இல்லை கண்ணுன்னு நானும் சொல்லிப் பாத்துட்டனுங்க. ஆசுபத்திரிக் கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாங்கறா.’

டைரக்டர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? பெற்ற அப்பாவின் வார்த்தையைவிட நான் கட்டிய பட்டனை அந்தப் பெண் நம்பினாள். நாம் திரையில் வைக்கிற கட்டத்தை ஜனங்கள் அப்படி நம்புகிறார்கள். நாளைக்கு உங்களில் ஒருவரிடமும் யாராவது வந்து, கருவி மேல் போட்டுவிடலாம், நெட்வொர்க் மேல் போட்டுவிடலாம், எண்ட்ரி அப்படியே இருக்கட்டும், யாருக்கு என்ன என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். முடியாது என்று சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, எனக்கும் நடுங்கியது.

‘போனை அவங்ககிட்ட குடுங்கய்யா’ என்றேன்.

அந்தப் பெண் வாங்கினாள். எதையும் விடாமல் சொன்னேன். தொண்ணூற்றிரண்டைத் தொண்ணூற்றி நாலாக்கியது, பார்க்காமல் விட்டது, ஈரோட்டுக்காரர், நான் பார்த்துக்கொண்டிருந்த படம். முடித்த பிறகு, ‘அப்பா போனு ஒருக்காக்கூட அடிக்கலீங்களா?’ என்று கேட்டாள்.

‘ஒரு தடவைகூட அடிக்கலைங்க. அவரு காத்துட்டேதான் இருந்தாரு.’

போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அழைப்பைத் துண்டிக்கவில்லை. ‘ஏனுங்கப்பா’ என்று அவள் தொடங்கியது கேட்டது, அதற்கு மேல் அழுகை. பெரியவர், ‘போச்சாது உடு கண்ணு, போச்சாது உடு’ என்று, போனால் போகட்டும் என்பதையே சொல்லிக்கொண்டு இருந்தார். நான் காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். வைத்துவிட்டுப் போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்ப வந்தாள். குரல் மாறியிருந்தது. ‘இவ்வளவு சொல்றீங்க, நீங்க ஆருன்னு சொல்லவே இல்லையே. உங்க பேரு என்னங்க?’

திட்டுவதற்குக் கேட்டாளோ, கேஸ் போடுவதற்குக் கேட்டாளோ, தெரியவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை. இனிஷியலோடு முழுப் பெயரையும் சொன்னேன். பேனா எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் எழுதிக்கொள்ளட்டும் என்று இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.